கழற்றிய ஆணியை எறியாதீர்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கார்களோடு மல்லுக்கட்டுகிறவர்களை ‘மரை கழண்டவர்கள்’ என்று சொல்வது ஊர் வழக்கம். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. இன்று நான் பேசப்போவதும் மரையைப் பற்றித்தான். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் தரைப்பலகையையும் பாடியையும் பிடித்து நிறுத்தியிருக்கும் போல்ட், நட், திருகாணி, வாஷர் இவைதான் இன்றைய பேச்சு.

பழைய கார் என்றதும் பெயின்ட், தோல் இருக்கை, குரோமியம் பூசிய விளக்கு என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். போல்ட்டை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் காரைப் பட்டறையில் பிரிக்கும் முதல் நாளிலேயே குப்பைக்குப் போவது அதுதான். பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். எழுபது வருடம் ஓர் இடத்தில் இருந்த போல்ட்டைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டால், அதே போல்ட்டைத் திரும்ப வாங்க முடியாது. அது எந்த அளவு, எந்த ஓட்டையில் இருந்தது, அதன் அடியில் எத்தனை வாஷர் இருந்தது என்ற விவரமும் அதோடு போய்விடும்.

எந்தக் கார்?

எனக்குப் பழக்கமான ஒரு காரை வைத்தே சொல்கிறேன். அதன் பெயர் எம்.ஜி. டி.சி. எம்.ஜி. என்பது மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டன் என்ற ஊரில் இந்தக் காரைப் பூட்டினார்கள். பாடி கவென்ட்ரியில் செய்யப்பட்டு அங்கே வந்தது. உலகப்போர் முடிந்த 1945-இல் தொடங்கி 1949 வரை சுமார் 10,000 கார்கள் செய்தார்கள். 1250 சி.சி. எஞ்சின், 19 அங்குலக் கம்பிச் சக்கரம். எல்லாமே வலது பக்க ஸ்டியரிங். இடது பக்க ஸ்டியரிங் வழக்கமுள்ள அமெரிக்காவுக்குப் போனவைகூட அப்படியே போயின.

இன்றைய கார் முழுவதும் தகடுகளை வெல்டிங் செய்து ஒட்டியது. டி.சி. அப்படியல்ல. கீழே இரும்புச் சட்டம். அதன் மேல் ‘ஆஷ்’ என்ற மரத்தால் ஒரு கூடு. அந்தக் கூட்டின் மேல் தகடு. தரை ஒட்டுப்பலகை. நம் ஊரில் ஒரு காலத்தில் பஸ் பாடி கட்டியது எப்படி என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆஷ் மரம் அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் பிளக்காது. சுத்தியல் பிடியும் கிரிக்கெட் ஸ்டம்பும் அந்த மரத்தில்தான் செய்வார்கள்.

ஆக, இந்தக் காரில் மரத்தையும் இரும்பையும் சேர்த்து வைத்திருப்பது ஆணிகளும் திருகாணிகளும் போல்ட்டுகளும்தான். அவை சரியாக இல்லாவிட்டால், மேலே எவ்வளவு அழகாக பெயின்ட் அடித்தாலும் வண்டி உள்ளே தனித்தனித் துண்டுகள்தான்.

ஒரே காரில் நான்கு வகை மரை

பட்டறைகளில் இந்தக் கார்கள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் மரை தெரியாததுதான்.

டி.சி.யின் சட்டத்திலும் பாடியிலும் இருப்பது பி.எஸ்.எஃப். என்ற பிரிட்டிஷ் நுண்மரை. மரக்கூட்டில் எண் வைத்து அளக்கும் மரத் திருகாணிகள். லூகாஸ் மின்சாமான்களிலும் யேகர் மீட்டர்களிலும் பி.ஏ. என்ற இன்னொரு சின்ன மரை. எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்தது. 1923-இல் அதை மோரிஸ் வாங்கினார். பிரெஞ்சு இயந்திரங்கள் மில்லிமீட்டர் மரைதான் வெட்டின. ஆனால் ஆங்கில மெக்கானிக்கிடம் இருந்தது அங்குல ஸ்பேனர். அதனால் மரை மில்லிமீட்டரில், தலை அங்குலத்தில் என்று ஒரு கலப்பு போல்ட் பிறந்தது. டி.சி. எஞ்சின் வரைக்கும் அந்த வழக்கம் தொடர்ந்தது.

இதில் ஆபத்து எங்கே வருகிறது? 5/16 அங்குல போல்ட்டின் பருமன் 7.94 மி.மீ. இன்று கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டும் கண்ணுக்கு அதே பருமன்தான். ஆனால் 5/16 பி.எஸ்.எஃப்.-இல் ஓர் அங்குலத்துக்கு 22 மரை. சாதாரண 8 மி.மீ. போல்ட்டில் சுமார் 20 மரை. இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறும். அப்புறம் இறுகும். ‘துரு இருக்கிறது போல’ என்று நினைத்துப் பையன் நீளமான ஸ்பேனரைப் போட்டு முறுக்குவான். போல்ட் ஏறிவிடும். ஆனால் உள்ளே பழைய மரை சீவப்பட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகத் தெரியும், பிடிமானம் இருக்காது.

1/4 அங்குலத்தில் பி.எஸ்.எஃப். என்றால் 26 மரை, விட்வொர்த் என்றால் 20, யு.என்.எஃப். என்றால் 28. பிரிட்டிஷ் மரைகளான விட்வொர்த்திலும் பி.எஸ்.எஃப்.-இலும் மரையின் கோணம் 55 டிகிரி. யு.என்.எஃப்.-இலும் மில்லிமீட்டர் மரையிலும் 60 டிகிரி. ஆகவே கடையில் போய் ‘இஞ்ச் போல்ட்’ என்று மட்டும் கேட்டால் போதாது. சின்ன மரை அளவி ஒன்றும் வெர்னியரும் கையில் இருக்க வேண்டும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதற்காகவாவது அதை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

ஸ்பேனரும் அப்படித்தான். 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டின் தலை 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. பதின்மூன்று நம்பர் ஸ்பேனர் ஏறாது. பதினான்கு ஏறும், ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் ஆறு மூலையும் மழுங்கிவிடும். சரியான ஸ்பேனர் வேண்டுமென்றால் பழைய என்ஃபீல்டு புல்லட் வேலை பார்த்த மெக்கானிக்கைத் தேடுங்கள். திருவொற்றியூரில் 1955 முதல் செய்த அந்த வண்டியிலும் பிரிட்டிஷ் மரைதான். அவர்கள் பெட்டியில் விட்வொர்த் ஸ்பேனர் இருக்கும். புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும்.

ஓடும்போது திறந்த கதவு

இதெல்லாம் வெறும் ரசனை சம்பந்தப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

என் நண்பர் ஒருவரின் மாமனார் வைத்திருந்த டி.சி. அது. அவர் காலமான பிறகு, வண்டியைப் புதுப்பித்து வைக்க வேண்டும் என்று குடும்பத்தார் ஆசைப்பட்டார்கள். ஒரு பட்டறையில் கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். எட்டு மாதம் கழித்து வண்டி பளபளவென்று வந்தது. ஒட்டுப்பலகைத் தரைக்குப் பதில் இரும்புத் தகடு. பழைய போல்ட்டுகளுக்குப் பதில் மின்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகள். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

டி.சி.யின் கதவுக்கு ஒரு குணம் உண்டு. கீல் பின்பக்கம், பிடி முன்பக்கம். ஓடும்போது அது சற்றே திறந்தாலும் காற்று அதை முழுவதும் பிடுங்கி விரித்துவிடும். நண்பரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் அப்படித்தான் நடந்தது. தெருவுக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் அடியில்லை. மெயின் ரோடாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு தரையைப் பிரித்துப் பார்த்தோம். காரணம் கதவில் இல்லை. இரும்புச் சட்டத்துக்கும் மரக்கூட்டுக்கும் நடுவே, போல்ட் வரும் இடங்களில், அட்டை தடிமனுக்குச் சின்னச் சின்னப் பட்டைகள் வைத்திருப்பார்கள். ஓர் இடத்தில் ஒன்று, இன்னோர் இடத்தில் இரண்டு. கூட்டை மட்டத்துக்குக் கொண்டுவந்து கதவின் இடைவெளியைச் சரிசெய்வது அந்தப் பட்டைகள்தான். அதைக் குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டார்கள். எல்லா போல்ட்டையும் ஒரே மாதிரி இறுக்கிவிட்டார்கள். கூட்டின் முன்பக்கம் தாழ்ந்தது. பிடியின் நாக்கு நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

கீல் பக்கம் இன்னும் மோசம். மரத்தில் பழைய ஓட்டை தளர்ந்திருந்தது. அதற்குள் தீக்குச்சியைச் செருகிப் பசை போட்டு, தகட்டுக்கான ஸ்க்ரூவை முறுக்கியிருந்தார்கள். கையால் இழுத்தாலே ஆடியது.

கழற்றும் நாளில் செய்ய வேண்டியது

அந்த வண்டியை மறுபடி பிரித்து எடுத்தபோது நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பழைய ஃபியட்டோ ஹெரால்டோ லாம்ப்ரெட்டாவோ இருந்தால் அதற்கும் இது பொருந்தும்.

முதலில் போட்டோ. ஒவ்வொரு மூட்டையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கழற்றிய பிறகு அல்ல, கழற்றும் முன்.

அடுத்து அட்டை. பெரிய அட்டைப்பெட்டியை விரித்து, தரைப்பலகையின் உருவத்தை அதில் வரைந்துகொள்ளுங்கள். எந்த ஓட்டையிலிருந்து போல்ட் வருகிறதோ, அட்டையில் அதே இடத்தில் குத்தி வையுங்கள். வாஷர், பட்டை எல்லாம் அதே வரிசையில், அதே போல்ட்டில் கோத்து, நட்டைக் கையால் மாட்டி வையுங்கள். ஒரு டப்பாவில் மொத்தமாகக் கொட்டினால் அது இரும்புக் குவியல். அட்டையில் குத்தினால் அது வரைபடம்.

அடுத்தது பொறுமை. துருப்பிடித்த போல்ட்டில் ஊடுருவும் எண்ணெயை இரவே விட்டுவிட வேண்டும். திருகாணி என்றால் அதன் பிளவில் அடைந்திருக்கும் பழைய பெயின்ட்டை ரம்பத் துண்டால் சுரண்டி எடுத்துவிட்டு, பிளவின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற திருப்புளியைப் பயன்படுத்த வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு நூல் அளவு இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி ‘டக்’கென்று விடும். அதன் பிறகு கழற்றினால் தலை உடையாது. மரக்கூட்டின் பக்கத்தில் நெருப்பு வைத்துச் சூடாக்கவே கூடாது.

துருவை எடுப்பது

கழற்றியதைத் தூக்கிப் போடத் தூண்டுவது அதன் தோற்றம்தான். துருவும் அழுக்கும் போனால், பாதிக்கு மேல் போல்ட்டுகள் உள்ளே நன்றாக இருப்பதைப் பார்ப்பீர்கள்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து அழுக்கை எடுங்கள். துருவுக்கு வெல்லப்பாகுக் கழிவை நீரில் கரைத்து அதில் ஊறப்போடலாம். நாற்றம் அடிக்கும், நாள் பிடிக்கும், ஆனால் இரும்பைத் தின்னாது. சிட்ரிக் அமிலம் இன்னும் வேகமானது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதே அறிவுதான். பித்தளைத் திருகாணிக்குப் புளியே போதும்.

பேட்டரி சார்ஜரும் சலவைச் சோடாவும் வைத்து மின்சாரத்தால் துரு எடுக்கும் முறையும் உண்டு. போல்ட் எதிர்முனையில், பழைய இரும்புத் துண்டு நேர்முனையில். இதில் இரண்டு எச்சரிக்கை. ஹைட்ரஜன் வாயு வரும். மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ மட்டும் செய்யுங்கள், பேஸ்மென்ட்டில் வேண்டாம். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைப் போடாதீர்கள். நச்சுள்ள குரோமியம் கரைந்து வரும்.

மேற்பூச்சு விஷயத்தில் பட்டறைக்காரரிடம் தெளிவாகப் பேசுங்கள். பழைய போல்ட்டுகளில் சில காட்மியம் பூசியவை. அதைச் சாணை பிடிப்பதும் நெருப்பில் காட்டுவதும் நுரையீரலுக்குக் கேடு. சாதாரண போல்ட்டுக்குத் துத்தநாக முலாமோ கறுப்பேற்றுவதோ போதும். மிக அதிக வலுவுள்ள போல்ட்டுகளை அமிலத்தில் போட்டு மின்முலாம் பூசினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அவை பிறகு திடீரென்று ஒடியக்கூடும். பூசிய உடனே சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

எதைத் திரும்பப் போடலாம்?

இங்கேதான் எங்களைப் போன்றவர்களுக்குள்ளேயே சண்டை வரும். ‘எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும்’ என்பார் ஒருவர். ‘எல்லாவற்றையும் புதிதாக மாற்று’ என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அந்த போல்ட் எதைத் தாங்குகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்து, பெரிய பாரம் தாங்காதவை: தரைப்பலகையின் விளிம்புத் திருகாணி, கப் வாஷர், உள்பக்க அலங்காரப் பலகையின் திருகாணி போன்றவை. இவற்றைச் சுத்தம் செய்து அசலையே திரும்பப் போடுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் அதே அளவில், நேர்ப்பிளவுத் தலையோடு தேடிப் போடுங்கள். அந்தக் காரின் மரவேலையில் கூட்டல்குறித் தலையுள்ள திருகாணி இருந்தால், பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உயிரைத் தாங்குபவை: ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன், இருக்கை, கதவுக் கீல். இவற்றில் மரை தேய்ந்ததோ, கழுத்து மெலிந்ததோ, வளைந்ததோ ஒன்றையும் திரும்பப் போடாதீர்கள். அதே மரையில், உரிய வலுவுள்ள புதிய போல்ட்டை வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளபளக்கிறது என்பதற்காக அதை இங்கே போடக் கூடாது. வழக்கமான ஏ2-70 வகையின் இழுவலு 700 மெகாபாஸ்கல், 8.8 வகை உருக்கு போல்ட்டுக்கு 800. அதோடு ஸ்டெயின்லெஸ் மரைகள் இறுக்கும்போது ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றுவிடும். அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் இருந்தால் அலுமினியத்தை அரிக்கும். கடற்காற்று உள்ள நம் ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

மாற்றிய பழையதையும் எறியாதீர்கள். சீட்டு எழுதி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஒரு பெட்டியில் வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுதான் அளவுகோல். சில போல்ட் தலைகளில் செய்த கம்பெனியின் முத்திரை இருக்கும். பின்னால் வருபவர் அதைப் பார்த்து நிறையத் தெரிந்துகொள்வார்.

பலகையும் ஓட்டையும்

தரைப்பலகை மக்கிப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய பலகை எவ்வளவு மக்கியிருந்தாலும், புதியது அளவு எடுத்து முடியும்வரை அதுதான் உங்கள் மாதிரி. தடிமனை அதன் நல்ல பகுதியில் அளந்துகொள்ளுங்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தர ஒட்டுப்பலகை வாங்குங்கள். அறுத்த விளிம்புகளுக்கும், முக்கியமாக ஒவ்வொரு ஓட்டையின் உள்பக்கத்துக்கும் வார்னிஷோ எபாக்ஸியோ தடவுங்கள். பலகையின் முகத்தைவிட ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் அதிகம் போகும். தகடு போட்டுவிட்டால் மக்காதே என்று கேட்கலாம். தகடு அதிரும், சத்தம் போடும், மரக்கூட்டோடு சேரும் இடத்தில் ஈரத்தைத் தேக்கும். அந்த வண்டி அதற்காகக் கட்டப்பட்டதல்ல.

தளர்ந்த திருகாணி ஓட்டையைப் பெரிதாக்கி, அதே ஆஷ் மரத்தில் செய்த முளையை எபாக்ஸி வைத்து அடித்து, காய்ந்த பிறகு புதிதாக ஓட்டை போட வேண்டும். முளையின் நார் திருகாணிக்குக் குறுக்காக ஓடினால் பிடிப்பு நன்றாக இருக்கும். பித்தளைத் திருகாணி மென்மையானது. முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை முறுக்கி எடுத்து வழி உண்டாக்குங்கள். பிறகு மெழுகு தடவிப் பித்தளையைப் போடுங்கள். நம் தச்சர்களுக்கு இது பாலபாடம்.

போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் மாட்டி, கதவை மூடித் திறந்து பார்த்து, பட்டைகளைக் கூட்டிக் குறைத்து, கடைசியில்தான் இறுக்க வேண்டும். நண்பரின் வண்டியில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு வார இறுதிகள் ஆயின. இப்போது கதவு ஒரு விரலால் தள்ளினால் ‘கிளிக்’ என்று மூடுகிறது.

சட்டமும் இதையே கேட்கிறது

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவில் பராமரித்திருக்க வேண்டும். சட்டம், பாடி, எஞ்சின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறார்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் இந்த வண்டிகளை ஓட்ட முடியாது. ஆக, ‘புதுசு போல ஆக்கித் தாருங்கள்’ என்று பட்டறையில் சொல்லும் முன் யோசியுங்கள். பிரிக்கும் முன் எடுத்த போட்டோக்களும், சீட்டு எழுதிய அந்தப் பெட்டியும் வண்டி அசலானது என்று நீங்கள் காட்டக்கூடிய கையிருப்பு.

நம் வளாகத்தின் பார்க்கிங்கிலேயே உறை போட்டு மூடிய இரண்டு மூன்று பழைய வண்டிகள் நிற்கின்றன. அவற்றை எடுத்துச் செல்லும் நாள் வந்தால், பட்டறையில் மூன்று விஷயம் கேளுங்கள். கழற்றிய சாமானை எப்படி வைப்பீர்கள்? மரை அளவி இருக்கிறதா? மாற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் எனக்குத் திருப்பித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சிரித்தால், சாவியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

அட்டை வரைவதற்கோ மரை அளப்பதற்கோ ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். மரை அளவியும் ஒரு ஜோடி விட்வொர்த் ஸ்பேனரும் என்னிடம் இருக்கின்றன. இரவல் தருவேன், திருப்பித் தர வேண்டும்.